செம்பு நிறத்தில் நிற்கும் தலைகள்: கருப்பு முடிக்கு நிறம் ஏற்றுவதன் வேதியியலும் விலையும்

வியாசர்பாடியில் முன்முடியை மட்டும் செம்பு நிறத்துக்கு வெளுத்துக்கொண்ட இளைஞரும், நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய சலூனிலிருந்து சாம்பல் நிறக் கூந்தலோடு வெளியே வரும் பெண்ணும் தலையில் நடத்தியிருப்பது ஒரே வேதிவினைதான். அதே ஹைட்ரஜன் பெராக்சைடு, அதே பெர்சல்ஃபேட் தூள். இளைஞர் பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் இறுதிவரை போய், அதன்மேல் டோனர் என்ற இன்னொரு பூச்சையும் ஏற்றியிருக்கிறார். ஊர் முன்னவரைப் 'புள்ளிங்கோ' என்று ஒதுக்குகிறது. பின்னவரை ரசனைக்காரர் என்று மெச்சுகிறது. இரண்டாம் முறை வெளுப்பதற்கான பணம், ஒரு குப்பி டோனர், நாற்காலியில் உட்கார இன்னும் சில மணி நேரம்: இரண்டு தலைகளுக்கும் நடுவே இருப்பது இவ்வளவுதான்.

வெட்டு, நிறம், சுருளா நேரா என்ற அமைப்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் தங்கள் குணத்தையும் எண்ணத்தையும் தலையில் காட்டுகிறார்கள். வெட்டு சரியில்லையென்றால் கவலையில்லை. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்ந்து முடியே அதைச் சரிசெய்துவிடும். நிறம் பிசகினால் முடி ஒடியும், உச்சந்தலை புண்ணாகும், ஒவ்வாமையில் முகமே வீங்கும். ஆகவே இங்கே நிறத்துக்குத்தான் அதிக இடம்.

கருப்புக்குள் இருக்கும் சிவப்பு

முடியிழையின் வெளிப்புறம், செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த க்யூட்டிக்கிள். அதற்குள் கெரட்டின் புரதத்தாலான கார்டெக்ஸ். நிறம் தரும் மெலனின் மணிகள் இந்தக் கார்டெக்ஸில்தான் இருக்கின்றன. மெலனினில் இரண்டு வகை உண்டு. கருப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். நம் முடியில் யூமெலனின் மிக அதிகம். வெளுக்கும்போது முதலில் உடைவதும் அதுதான். பாதி உடைந்த யூமெலனின் செம்பழுப்பாகத் தெரியும். ஃபியோமெலனினோ எளிதில் அசைந்துகொடுக்காமல் கடைசிவரை நிற்கும். கருப்பு முடி எப்போதும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வரிசையிலேயே வெளுப்பதற்குக் காரணம் இது. எவ்வளவு விலை உயர்ந்த சரக்கை வாங்கினாலும் இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

சலூன்களில் இந்தப் பாதையை 1 முதல் 10 வரை லெவல்களாகப் பிரிக்கிறார்கள். 1 என்பது முழுக் கருப்பு. நம்மவர் முடி பெரும்பாலும் 1 அல்லது 2; வெயிலில் அடிபட்ட நுனிகள் 3 வரை இருக்கும். வெளுக்கத் தொடங்கினால் 4-ல் சிவந்த பழுப்பு, 5-ல் செம்பு, 6-ல் ஆரஞ்சு, 7-ல் பொன் கலந்த ஆரஞ்சு, 8-ல் மஞ்சள், 9-ல் வெளிர் மஞ்சள். 10-ஐ அடையாளம் காண, உரித்த வாழைப்பழத் தோலின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்வார்கள். கருப்பு முடியை ஒரே ஒரு முறை கவனமாக வெளுத்தால் அது வழக்கமாக 6-லோ 7-லோ வந்து நிற்கும். தெருவில் நாம் பார்க்கும் அந்தச் செம்பு, ஆரஞ்சு நிறங்களின் பிறப்பிடம் இந்த இரண்டு எண்கள்தான்.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. எந்த நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த லெவல்வரை போகத் தயார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பர்கண்டி, அடர் சிவப்பு ஆகியவற்றுக்கு 4 அல்லது 5 போதும். பளிச்சென்ற சிவப்புக்கும் செம்புக்கும் 6 அல்லது 7. பச்சைக்கு 8. நீலத்துக்கு 9 வேண்டும். 7-ல் மிஞ்சியிருக்கும் மஞ்சளின் மேல் நீலத்தைப் பூசினால் பாசி நிறம்தான் வரும். சாம்பல், வெள்ளி, இளஞ்சிவப்பு, லாவண்டர் போன்ற மென்னிறங்களுக்கு 10 தேவை. கருப்பு முடி 10-ஐத் தொட இரண்டு அல்லது மூன்று முறை வெளுக்க வேண்டும். எல்லா முடியும் அதைத் தாங்காது. கைப்பணம் குறைவாகவும் முடி மெல்லியதாகவும் இருப்பவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது: சிவப்புக் குடும்பத்திலேயே நில்லுங்கள். ஒரு முறை வெளுத்து, அந்த ஆரஞ்சின் மேலேயே ஒரு செம்பு நிறச் சாயத்தைப் பூசிவிட்டால் அரைகுறையாக நின்ற தலை, வேண்டுமென்றே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த தலையாகிவிடும். மாநிறத்துக்கும் கருப்புத் தோலுக்கும் செம்பைப் போல எடுப்பான நிறம் குறைவு.

வெளுக்காமலே நிறம் ஏற்றலாம் என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மை. நிலைச் சாயம், அதாவது கழுவினால் போகாத நிரந்தரச் சாயம், 20 வால்யூம் (6%) பெராக்சைடோடு கலந்தால் முடியை ஒன்றிரண்டு லெவல் தானே வெளுத்துத் தூக்கும். கருப்பு முடியில் இதனால் கிடைப்பது வெயிலில் மட்டும் தெரியும் ஒரு சிவப்புச் சாயல். அலுவலகத்தில் கண்ணை உறுத்தக்கூடாது என்பவர்களுக்கு அது போதும். ஆனால் ஏற்கெனவே கருப்புச் சாயம் அடித்த முடியில் இந்த வழி வேலை செய்யாது. சாயம் சாயத்தைத் தூக்காது.

பெராக்சைடின் எண்கள்

தூளோடும் சாயத்தோடும் கலக்கும் பெராக்சைடு திரவத்துக்கு டெவலப்பர் என்று பெயர். அதன் குப்பிகளில் 10, 20, 30, 40 என்று எழுதியிருக்கும் எண் வால்யூம். 20 வால்யூம் என்றால் ஒரு பங்கு திரவம் 20 பங்கு ஆக்சிஜன் வாயுவை விடுவிக்கும். சதவீதத்தில் சொன்னால் 10 வால்யூம் 3%, 20 வால்யூம் 6%, 30 வால்யூம் 9%, 40 வால்யூம் 12%.

தலைத்தோலைத் தொடும் எந்த வேலைக்கும் 20-க்கு மேல் போக வேண்டாம். ஃபாயிலில் மடித்து, தோலைத் தொடாமல் சில கொத்துகளை மட்டும் வெளுக்கும் ஹைலைட்ஸுக்கு 30 போடலாம், அதுவும் கைதேர்ந்தவர் செய்தால். 40 வால்யூமை உச்சந்தலையில் வைப்பது தீக்காயத்தைத் தேடிக்கொள்வது. 20 நிதானமாகப் போய்ச் சேரும் இடத்துக்கு 40 விழுந்தடித்து ஓடும். அந்த ஓட்டத்தில் க்யூட்டிக்கிள் சிதைந்து, முடியைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளும் அறுகின்றன. நேரம் மிச்சம் என்று 40-ஐ எடுக்கும் கடைகளில்தான் ஒடிந்த முடிகள் அதிகம்.

முகத்து ரோமத்துக்கான பிளீச் கிரீமைத் தலையில் பூசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய ரோமத்துக்கு அளவெடுத்துச் செய்தது அது. தலைமுடியில் அது திட்டுத்திட்டான பழுப்பில் நின்றுவிடும். அதை மீண்டும் மீண்டும் பூசினால் தோல்தான் எரியும்.

வெளுக்கும் நாள்

முதல் நாள் தலைக்குக் குளிக்காமல் வருவது நல்லது. தோலில் ஊறியிருக்கும் இயற்கை எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும். தலையில் புண், சிராய்ப்பு, ஒரு வாரத்துக்குள் போட்ட ரேசர் கோடு ஏதாவது இருந்தால் அன்று வேண்டாம்.

தூளும் டெவலப்பரும் பெரும்பாலும் 1:2. கழுத்தளவு முடிக்கு 40 கிராம் தூள், 80 மில்லி டெவலப்பர் என்று தொடங்கலாம். தோளுக்குக் கீழே தொங்கும் அடர்ந்த கூந்தலுக்கு 100 கிராமும் 200 மில்லியும் தேவைப்படும். அதை ஒரே தடவையில் கலக்காமல் இரண்டாகப் பிரித்துக் கலக்க வேண்டும், ஏனென்றால் கலந்த நிமிடத்திலிருந்தே கலவை வீரியம் இழக்கத் தொடங்குகிறது. சில நிறுவனங்கள் 1:1.5 என்று சொல்லும். பெட்டியில் உள்ளதே கடைசிச் சொல். கிண்ணம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகத்தில் கலந்தால் பெராக்சைடு வீணாகச் சிதையும். தூளைக் கொட்டும்போது பறக்கும் பெர்சல்ஃபேட் துகள், முடிதிருத்துநர்களுக்கு ஆஸ்துமா வரக் காரணம் என்று மருத்துவம் உறுதிசெய்த பொருள்களில் ஒன்று. நாள் முழுக்க அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் கடைக்காரர். முகக்கவசம், கையுறை, திறந்த சன்னல் மூன்றும் அவருடைய உரிமை.

தலையை நான்கு பாகமாகப் பிரித்து, பிடரியிலிருந்து தொடங்க வேண்டும். பிடரி முடி அடர்த்தி, வெளுக்க நேரமெடுக்கும். நெற்றியோர முடி மெல்லியது, அதற்குக் கடைசி முறை. ஒவ்வொரு அடுக்கும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் இருந்தால் நடுவில் கலவை புகாது. கழுவிய பின் கருப்புத் திட்டுகள் தெரியும்.

முழுத் தலையையும் வெளுக்கும்போது நடக்கும் பெரிய பிழை ஒன்று உண்டு. தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் முடி உடல் சூட்டில் மற்ற இடங்களைவிட வேகமாக வெளுக்கும். வேரிலிருந்து பூசிக்கொண்டே வந்தால் வேர் மஞ்சளாகவும் நீளம் ஆரஞ்சாகவும் முடியும். எனவே தோலிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஆரம்பித்து நீளத்துக்கும் நுனிக்கும் முதலில் பூசி, 15 முதல் 20 நிமிடம் கழித்து வேருக்கு வர வேண்டும்.

ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இழையை ஈரத்துணியால் துடைத்து நிறம் பார்க்க வேண்டும். பூச்சு காய்ந்துவிட்டால் வினையும் நின்றுவிடும். நம்மூர் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் இது சீக்கிரம் நடக்கும். ஃபாயிலோ பிளாஸ்டிக் உறையோ ஈரத்தைக் காப்பதற்குத்தான். வெயிலில் போய் உட்கார்ந்தால் சீக்கிரம் வெளுக்கும் என்பது ஆபத்தான யோசனை. 50 நிமிடத்தோடு கழுவிவிட வேண்டும், நிறம் எங்கே நின்றிருந்தாலும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சுடுநீர் வேண்டாம்.

கழுவிய பின் ஈர இழை ஒன்றை இரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல முடி சற்றே நீண்டு பழைய நீளத்துக்குத் திரும்பும். ரப்பர்போல நீண்டு, திரும்பாமல் துவண்டால் உள்ளே பிணைப்புகள் போய்விட்டன. அந்தத் தலையை மீண்டும் வெளுக்கவே கூடாது. நன்றாக இருந்தாலும் அடுத்த சுற்றுக்குக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். பிறகு வேரில் முடி வளர்ந்து மறுபடி வெளுக்கும்போது புதிதாக வளர்ந்த கருப்புக்கு மட்டும் பூச வேண்டும். பழைய வெளுப்பின் மேல் படிந்தால் அந்த எல்லைக்கோட்டிலேயே முடி வரிசையாக ஒடியும்.

ஆரஞ்சிலிருந்து வெளியேறுவது

டோனரின் வேலை எதிர்நிறத்தால் அடக்குவது. ஆரஞ்சை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும், சிவப்பைப் பச்சை அடக்கும். 10 வால்யூமோ அதற்கும் குறைந்ததோ கலந்து, ஈர முடியில் 5 முதல் 20 நிமிடம் வைப்பார்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம் அசந்தால் சாம்பல் ஊதாவாகிவிடும்.

கடைகளில் ஊதா ஷாம்பூ எளிதாகக் கிடைப்பதால் ஆரஞ்சுத் தலைக்காரர்களும் அதையே வாங்குகிறார்கள். பயனில்லை. 6-லும் 7-லும் நிற்கும் முடிக்கு வேண்டியது நீலம் கலந்த ஷாம்பூ. ஊதா 9-க்கு மேலே உள்ளவர்களுக்கானது. அதேபோல, 7-ல் நிற்கும் தலையில் வெள்ளி டோனரைப் பூசினால் வெள்ளி வராது, அழுக்குப் பழுப்புதான் வரும். டோனருக்கு நிறத்தைத் திருத்தத் தெரியும், வெளுக்கத் தெரியாது. அது நான்கு முதல் ஆறு வாரத்தில் கரைந்துபோவதால் சாம்பல் தலைக்காரர் மாதாமாதம் சலூனுக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் செலவைக் கணக்கிடுகிறவர்கள் இந்த மாதக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆரஞ்சுக்குத் திரும்பிய விலை உயர்ந்த தலைகளும் நகரத்தில் நிறைய உண்டு.

நீலம், பச்சை, சிவப்பு, ஊதா போன்ற வானவில் நிறங்கள் நேரடிச் சாயங்கள். இவற்றில் பெராக்சைடு கிடையாது. முடிக்குப் புதிய சேதமும் இல்லை. வெளுத்துக் கழுவி, காய்ந்த முடியில் தாராளமாகப் பூசி அரை மணி நேரம் வைத்தால் போதும். எத்தனை முறை தலைக்குக் குளிக்கிறீர்கள் என்பதே அதன் ஆயுள். வாரம் இரண்டு முறை, குளிர்ந்த நீர், சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ என்றால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். தினமும் தலைக்குக் குளிக்கும் வழக்கமுள்ளவருக்கு இரண்டு வாரமே அதிகம். வியர்வையில் கரைந்து வெள்ளைச் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் இறங்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மருதாணி, ஆழ்துளைத் தண்ணீர், அலர்ஜி

வெளுப்பதற்கு முன் தலையின் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். மருதாணி பூசிய முடியில் அதன் செஞ்சாயம் கெரட்டினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு வெளுத்தாலும் ஆரஞ்சு விடாது. மருதாணிக்கு மேல் அவுரிப் பொடி பூசிக் கருப்பாக்கியவர்களுக்கு வெளுக்கும்போது பச்சைச் சாயல் வரலாம். எல்லாவற்றையும்விட மோசம், உலோக உப்பு கலந்த மலிவுப் பொடிகள். பெராக்சைடு பட்டதும் உலோகம் வினையைத் தூண்டிவிட, முடி சூடாகி, ஆவி பறந்து, கையோடு வந்துவிடும். தவிர்க்க எளிய வழி உண்டு. பிடரியில் மறைவான இடத்திலிருந்து சிறு கொத்தை வெட்டி, கொஞ்சம் கலவையில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சூடேறினாலோ, நுரைத்தாலோ, இழை பிய்ந்தாலோ அந்தத் தலைக்கு வெளுப்பு கிடையாது.

சென்னையின் பல பகுதிகளில் குளிக்கும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ வருகிறது. அதிலுள்ள கால்சியம் முடியில் படிந்து சாயத்தைத் திட்டாக்கும். இரும்பு, வெளுத்த முடியை மறுபடி பித்தளை நிறமாக்கும். உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ கலந்த ஷாம்பூவால் சில நாள் முன்பாக ஒரு முறை அலசினால் பெரும் பகுதி போய்விடும். வெளுத்த தலையோடு நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரால் முடியை நனைத்துக்கொள்ள வேண்டும். குளத்து நீரில் இருக்கும் தாமிரம் வெளிர் முடியில் பச்சையாகப் படியும்.

கருப்பு, பழுப்பு நிலைச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற பாராஃபினிலீன்டையமீன் கடுமையான ஒவ்வாமை தரக்கூடியது. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு பூசி 48 மணி நேரம் காத்திருந்து பார்க்கும் சோதனையை நம்மூரில் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. செய்தே ஆக வேண்டும். பத்து முறை ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது முறை இமை வீங்கலாம். திருவிழாக்களில் கையில் வரையும் கருப்பு மருதாணியால் அரிப்பு வந்தவர்கள் இந்தச் சாயங்களைத் தொடவே கூடாது. அந்தக் கருப்புக்குக் காரணமும் பெரும்பாலும் பிபிடிதான். 'அம்மோனியா இல்லை' என்ற அச்சு 'பிபிடி இல்லை' என்று பொருள் தராது. இமை, உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ தலையை அலசிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெளுத்த முடியின் மேற்பரப்பில் இருந்த கொழுப்புப் படலம் போய்விடுவதால் அது தண்ணீரை அதிகமாக உறிஞ்சி வீங்கும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவும் நம் பழக்கத்துக்கு இங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்பது சோதித்துக் காட்டப்பட்டது. சூரியகாந்தி எண்ணெயிலும் மினரல் ஆயிலிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் நேரடிச் சாயம் பூசிய முதல் வாரத்தில் எண்ணெய் வேண்டாம், சாயம் கசியும். வெளுத்த முடியை ஸ்ட்ரெயிட்டனிங்குக்குக் கொடுப்பதும் கூடாது. பெராக்சைடு அறுத்த பிணைப்புகளில் மிச்சமிருப்பதை ஸ்ட்ரெயிட்டனிங் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அறுத்துவிடும். நிறமா, நேர்முடியா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குடுமியும் கிராப்பும் செம்பட்டையும்

தலையைப் பார்த்து ஆளை எடைபோடுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய காரியம். முன்குடுமியா பின்குடுமியா என்பதைக் கொண்டே ஒருவர் எந்தப் பிரிவினர் என்று சொல்லிவிட முடிந்த காலம் இருந்தது. 'சோழியன் குடுமி சும்மா ஆடாது' என்ற பழமொழி முன்குடுமி வைத்த சோழியரைப் பற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவத்துக்கு மாறியவர்கள் குடுமியை அறுத்தே தீர வேண்டுமா என்று மிஷனரிகளுக்குள் பெரிய தகராறே நடந்தது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் அறுக்கச் சொன்னது; கால்டுவெல், குடுமி மத அடையாளமல்ல என்று வாதிட்டு எழுதினார். பின்னால் கிராப்பு வந்தபோது அதை வைத்த பிள்ளைகள் கெட்டுப்போனதாக வைதிக வீடுகள் புலம்பின. பெண்களும் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னது, நீண்ட கூந்தலைப் பராமரிக்கும் பாரத்தையும் அதற்குள் இருக்கும் அடக்குமுறையையும் கண்டு சொன்னது. ஹிப்பி முடிக்கும், ஸ்டெப் கட்டிங்குக்கும், பங்க்குக்கும் அவரவர் காலத்தில் வசவு கிடைத்தது.

செம்பு நிறத்தின் மீதான இளக்காரம் இவற்றோடு சேர்ந்ததுதான் என்றாலும், அதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைக்கிறவர்களின் முடி தானாகவே செம்பட்டையாகும். புரதச் சத்துக் குறைந்த குழந்தையின் முடியும் அப்படியே சிவக்கும். எண்ணெய் வழிய வாரிய கருநிறமே வசதியின் அடையாளமாக இருந்த ஊரில், செம்பட்டை என்பது வறுமையாகப் படிக்கப்பட்டது. வடசென்னை இளைஞர்கள் அந்த நிறத்தைக் காசு கொடுத்துத் தலையில் ஏற்றி, பைக்கும் கானாவுமாகத் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார்கள். இதில் துணிச்சல் இருக்கிறது, கூட்டத்தோடு சேர்ந்திருக்கும் மகிழ்ச்சி இருக்கிறது. குற்றத்தின் அடையாளமாக இதைப் பார்க்கும் காவல்துறைக் கண்ணும், ஆசிரியர் கண்ணும் பார்ப்பது முடியை அல்ல, அந்தத் தலைக்குரியவரின் முகவரியை என்பதே எங்கள் கருத்து.

மில்லிமீட்டர் கணக்கு

இதே இளைஞர்களின் தலையில் நிறத்தோடு வருவது பக்கங்களை ஒட்ட வெட்டும் ஃபேட். எவ்வளவு நீளம் விட்டு வெட்டுவது என்பதை முடிவுசெய்ய மெஷினில் மாட்டும் சீப்புக்குக் கார்டு என்று பெயர். அதன் எண்கள் எளியவை: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. காதுக்கு மேலே தோல் தெரியும் அளவில் தொடங்கி, ஒரு விரல் உயரத்துக்கு 1, அதற்கு மேல் 2, பிறகு கத்திரி என்று ஏறுவார்கள். ஒவ்வொரு எல்லைக்கோட்டையும் மெஷினின் பக்க லீவரைப் பாதி திறந்து, மணிக்கட்டை வெளிப்புறமாகச் சுழற்றி அழிப்பதில்தான் திறமை இருக்கிறது. கை நேராகவே மேலே போனால் படிக்கட்டு தெரியும்.

ஃபேட் ஏன் இரண்டு வாரத்தில் அலுத்துப்போகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் முடி சுமார் 5 மில்லிமீட்டர் வளர்கிறது. சுழியத்தில் இருந்த இடம் 5 ஆகும், 3-ல் இருந்தது 8 ஆகும், 6-ல் இருந்தது 11. வித்தியாசம் அதே 3 மில்லிமீட்டர்தான். ஆனால் தோல் தெரியும் இடமே இல்லாமல் போய்விடுவதால் கண்ணுக்கு எல்லாம் ஒரே கருப்பு. ரேசரால் போட்ட கோடு நான்கைந்து நாளில் மங்கிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் கடைக்குப் போக முடிகிறவர் பக்கங்களை 3-ஆம் எண் கார்டுக்குக் கீழே இறக்காமல் வெட்டிக்கொண்டால் மாதம் முழுக்க ஒழுங்காக இருக்கும். கோடு போடும்போது புது பிளேடைக் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி ஒரு துளி ரத்தத்தில் பரவும். படர்தாமரை மெஷின் பற்களிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தலைக்குப் போகும்.

பள்ளி திறப்பதற்குள்

மாணவர்களுக்கு இத்தகைய வெட்டுகளைச் செய்ய வேண்டாம் என்று தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களுக்கு வேண்டுகோள் விடுப்பது தமிழ்நாட்டில் அவ்வப்போது செய்தியாகிறது. வகுப்பில் எல்லோர் முன்னும் முடியை வெட்டிவிடுவதை ஒழுக்கம் என்று நாங்கள் ஏற்கவில்லை. அது அவமானம் மட்டுமே. ஆனால் விதி இருக்கும்வரை மாணவர்களுக்கு உதவும் வழிகள் உள்ளன. நிற மெழுகும் நிறச் சாக்குக்கட்டியும் ஒரே குளியலில் போய்விடும், கருப்பு முடியிலும் தெரியும். கிளிப் வைத்த நிறக் கொத்துகளை மாட்டிக் கழற்றலாம். வெளுத்தே ஆக வேண்டும் என்றால் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் நுனி மூன்று சென்டிமீட்டரை மட்டும் வெளுத்துவிட்டு, ஜூனில் அதை வெட்டிவிடலாம். உட்புறப் பிடரி முடியை வெளுப்பது கூந்தல் வளர்த்த பெண்களுக்கு வசதி. பின்னினால் பெரும்பாலும் மறையும்.

முழுத் தலையையும் வெளுத்தவர், நேர்காணலுக்கு முந்தின இரவில் கருப்புச் சாயம் வாங்கி அடிப்பதுதான் வழக்கம். வெளுத்த முடியில் சிவப்பு, மஞ்சள் அடித்தளம் போய்விட்டதால் கருப்பு பிடிக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை கலந்த சாம்பலாகக் கரையும். முதலில் செம்பு அல்லது பொன் கலந்த சிவப்பு நேரடிச் சாயத்தால் அடித்தளத்தை நிரப்பி, அலசி உலர்த்தி, அதன்மேல் 3 அல்லது 4 லெவல் அடர் பழுப்பை 10 வால்யூமில் பூச வேண்டும். துளைகள் நிறைந்த முடி சாயத்தை அதிகமாகக் குடிப்பதால் 4 என்று எழுதியதே 2 போலத் தெரியும். 1 என்று எழுதிய கருப்பை வாங்க வேண்டாம். வேரில் வளரும் சொந்த முடியோடு அது ஒட்டாது. ஆறு மாதம் கழித்து மறுபடி நிறம் ஏற்ற விரும்பினால், அந்தக் கருப்பைக் கழற்றுவது முதல் நாள் வெளுத்ததைவிடக் கடினமான வேலையாக இருக்கும்.